மாலை ஆறு மணிக்குக் கூடும் ஊர்



இங்கிலாந்து என்று சொன்னவுடனே நம்முடைய மனக்கண்ணில் எழும்புவது லண்டன் மாநகரமே. தேம்ஸ் நதியும், அதன் கரையிலே நிற்கும் பாராளுமன்றமும், மணிக்கூண்டும் நாம் படங்களில் பார்த்துப் பழகியவை. ஆனால் அந்தத் தேசத்தின் ஆளுகை பாராளுமன்றத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு கிராமத்தின் சிறிய மண்டபத்திலே, ஒரு மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் அமர்ந்து, பேருந்து நிழற்குடையின் கூரையைப் பழுதுபார்ப்பது குறித்துத் தீர்மானம் எடுக்கிறார்களே, அதுவும் சட்டத்தினால் உண்டாக்கப்பட்ட அரசாங்கந்தான். அதற்குப் பாரிஷ் கவுன்சில் என்று பெயர். இங்கிலாந்திலே இப்படிப்பட்ட மன்றங்கள் சுமார் 10,000 உள்ளன. அவற்றில் ஏறக்குறைய ஒரு லட்சம் உறுப்பினர்கள் பணியாற்றுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இதற்காக ஊதியம் பெறுவதில்லை.

இம்மாதம் அந்தச் சிறிய அரசாங்கத்தைக் காணும்படி உங்களை ஒரு கிராமத்திற்கு அழைத்துச் செல்கிறேன், வாருங்கள்.

பென்ஷர்ஸ்ட் கிராமம்

லண்டனுக்குத் தென்கிழக்கே கெண்ட் என்னும் கவுண்டி உண்டு. அங்கே மெட்வே நதியோடு ஈடன் என்னும் சிற்றாறு வந்து கலக்கும் பள்ளத்தாக்கிலே பென்ஷர்ஸ்ட் அமைந்திருக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய ரயில் நிலையமே கிராமத்துக்கு ஏறக்குறைய இரண்டு மைல் தள்ளித்தான் இருக்கிறது. ஊருக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுவது பென்ஷர்ஸ்ட் பிளேஸ் என்னும் மாளிகை. 1341ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டு, 1552 முதல் சிட்னி குடும்பத்தாரின் வசத்தில் இருந்துவரும் மாளிகை அது. அதன் அருகே யோவான் ஸ்நானகனின் பெயரால் அமைந்த பழமையான ஆலயம். ஆலய வளாகத்துக்குள் செல்லும் பாதை, மரச்சட்டங்களால் கட்டப்பட்ட ஒரு பழைய வீட்டின் மேல்தளத்துக்குக் கீழாகச் செல்லுகிறது.

மாளிகை ஒருபுறம், ஆலயம் மறுபுறம். பல நூற்றாண்டுகளாக ஆங்கிலேயக் கிராமத்தின் ஆளுகை இந்த இரண்டுக்கும் நடுவிலேதான் இருந்தது. நிலம் மாளிகைக்காரருடையது. நிர்வாகம் ஆலயத்தினுடையது. கூரை வேய்ந்த குடிசையிலே குடியிருந்த கூலித்தொழிலாளிக்கு இரண்டிலும் இடமில்லை.

வெஸ்ட்ரி என்னும் பழைய மன்றம்

பாரிஷ் என்பது முதலாவது திருச்சபைக்குரிய சொல். ஒரு ஆலயத்தின் பொறுப்பில் அடங்கிய ஊர் எல்லையே பாரிஷ். குருவானவர் தமது அங்கியைத் தரிக்கும் அறைக்கு வெஸ்ட்ரி என்று பெயர். ஊர்க்கூட்டம் அந்த அறையிலே கூடியபடியால் கூட்டத்துக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பையும் அதற்காக வரி வசூலிக்கும் அதிகாரத்தையும் பாரிஷின் கையில் கொடுத்தது. சாலைப் பராமரிப்பும் அவ்வாறே. குருவானவர் வந்திருந்தால் அவரே தலைமை வகிப்பார். 1818ஆம் ஆண்டின் சட்டமோ, சொத்துக்குத் தக்கதாக ஒரே மனிதருக்கு ஆறு வாக்குகள் வரை கொடுத்தது. சொத்து பெருகப் பெருக வாக்கும் பெருகிற்று!

அரசாங்கத் திருச்சபையைச் சேராத விசுவாசிகளின் நிலைமையைச் சற்று எண்ணிப்பாருங்கள். பாப்டிஸ்டுகள், மெதடிஸ்டுகள், குவேக்கர்கள் ஆகியோர் தங்கள் சிற்றாலயங்களைத் தங்கள் சொந்தப் பணத்தில் நடத்திக்கொண்டு, தாங்கள் ஆராதிக்காத ஆலயத்தின் பராமரிப்புக்கும் வரி செலுத்த வேண்டியிருந்தது. செம்ஸ்ஃபோர்ட் பட்டணத்திலே காலணி தைக்கும் தொழிலாளியான ஜான் தொரகுட் என்பவர் அந்த வரியைச் செலுத்த மறுத்து 1839ஆம் ஆண்டில் சிறைக்குச் சென்றார். அந்தக் கட்டாய வரி 1868இல்தான் நீக்கப்பட்டது. கல்லறை விஷயத்திலும் அப்படியே. ஊர் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்திலே தங்கள் முறைப்படி ஜெபித்து அடக்கம் செய்யும் உரிமை 1880ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகே அவர்களுக்குக் கிடைத்தது. அடக்கம் செய்ய இடம் தேடி அலைந்த அனுபவமுள்ள சபையாருக்கு இதன் பாரம் நன்றாய் விளங்கும்.

1894: கதவு திறந்த ஆண்டு

இந்த நிலைமையை மாற்றியது 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். ஊரின் பொதுக்காரியங்களை வெஸ்ட்ரியிடமிருந்து எடுத்து, மக்களால் தெரிந்துகொள்ளப்படும் மன்றத்தினிடத்தில் அது ஒப்படைத்தது. பாரிஷ் என்ற பெயர் மாத்திரம் பழையபடி இருந்தது. ஆலயத்தின் ஆலோசனைச் சங்கம் வேறு, ஊரின் மன்றம் வேறு என்றாகிவிட்டது. இன்றும் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளுகிறவர்கள் உண்டு. ஆலயக் காரியங்களைக் கவனிப்பது பாரோக்கியல் சர்ச் கவுன்சில் என்னும் வேறொரு அமைப்பு. பாரிஷ் கவுன்சிலோ எந்தச் சபையையும் சாராதது.

அந்தச் சட்டத்தின் சில விதிகளைக் கவனியுங்கள். ஊர்க்கூட்டம் மாலை ஆறு மணிக்கு முன்பாகத் தொடங்கக்கூடாது. வயலிலே உழைக்கிறவன் பகலில் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும் அல்லவா? மதுபானம் விற்க உரிமம் பெற்ற இடத்தில் மன்றம் கூடக்கூடாது, வேறு தகுந்த இடம் இலவசமாகவோ நியாயமான வாடகைக்கோ கிடைக்காவிட்டாலொழிய. பெண்கள், திருமணமானவர்களும்கூட, வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் நிற்கலாம். பாராளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். மாலை ஆறு மணி விதியும் மதுக்கடை விதியும் இன்றும் நடைமுறையிலுள்ள 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடருகின்றன.

1894 டிசம்பரில் முதல் மன்றங்கள் தெரிந்துகொள்ளப்பட்டன. பென்ஷர்ஸ்ட் மன்றத்தில் உறுப்பினரானவர்களில் ஜேன் எஸ்கோம் என்னும் பெண்மணியும் ஒருவர். தொழிலாளிகளின் வீடுகள் ஒழுகுவதையும், போதுமான வீடுகள் இல்லாததையும் கண்ட அவர், பொதுப் பணத்தில் வீடு கட்டலாம் என்று இடங்கொடுத்த 1890ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வீடு கட்டும் அதிகாரம் பாரிஷ் மன்றத்துக்குக் கிடையாது. கேட்கும் அதிகாரம் மட்டுமே உண்டு. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மேலுள்ள பேரவைகளைப் படிப்படியாக இணங்கச் செய்தார். 1900ஆம் ஆண்டிலே ஆறு வீடுகள் எழும்பின. அவற்றுக்கு முன்னோடிக் குடில்கள் என்னும் பொருள்பட பயனியர் காட்டேஜஸ் என்று பெயரிட்டார்கள். ஆறே வீடுகள்தான். ஆனால் மாளிகையின் தயவினால் அல்ல, மன்றத்தின் விடாமுயற்சியினால் கட்டப்பட்டவை.

காகம் விரட்டிய சிறுவன்

அதே காலத்தில், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள நார்ஃபோக் கவுண்டியிலே ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்பவர் இருந்தார். 1850இல் மார்ஷம் கிராமத்திலே பிறந்தவர். பசியோடிருந்த பிள்ளைகளுக்காக வயலிலிருந்து டர்னிப் கிழங்குகளை எடுத்துவந்த அவருடைய தகப்பனார் சிறைக்குப் போனார். குடும்பம் ஏழைகள் விடுதியில் தள்ளப்பட்டது. ஆறு வயதிலே காகம் விரட்டும் கூலி வேலைக்குப் போன அந்தச் சிறுவன் பள்ளிக்கூடம் அறியாதவன். பின்னர் பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் சபையிலே பிரசங்கியானபோதும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. மனைவி ஷார்லட் பாமாலைகளை வாசித்துக் காட்ட, அவர் அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு பிரசங்க மேடை ஏறினார். பிற்பாடு மனைவியே அவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார்.

அந்த மனிதர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பினார். புதிய சட்டம் வந்தபோது பாரிஷ் மன்றத்திலும், அதன்மேலுள்ள வட்டாரப் பேரவையிலும் பணியாற்றினார். 1906இல் கவுண்டி கவுன்சிலுக்குச் சென்றார். 1920இல் தெற்கு நார்ஃபோக் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். சிற்றாலயத்தின் பலகை இருக்கைகளிலே பேசக் கற்றுக்கொண்டவர்கள், கணக்கு எழுதப் பழகியவர்கள், கூட்டம் நடத்த அறிந்தவர்கள் அநேகர் அப்படியே ஊர்மன்றத்துக்கும் சென்றார்கள். சபையிலே பெற்ற பயிற்சி ஊருக்குப் பயன்பட்டது.

மன்றத்தின் ஒரு மாலை

இப்பொழுது நிகழ்காலத்துக்கு வருவோம். எந்த ஆங்கிலேயக் கிராமத்துக்குச் சென்றாலும், கண்ணாடிக் கதவு வைத்த ஒரு அறிவிப்புப் பலகையைத் தேடுங்கள். அதிலே மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரல் தொங்கும். கூட்டத்துக்குக் குறைந்தது மூன்று முழு நாட்களுக்கு முன்பாக அதை வெளியிட வேண்டும் என்பது சட்டம். நிரலில் இல்லாத காரியத்தைத் தீர்மானிக்க முடியாது.

மன்றத்தில் குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் இருக்க வேண்டும். கூட்டம் நடக்க அவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது, எப்படியும் மூன்று பேருக்குக் குறையாமல், வந்திருக்க வேண்டும். எழுத்தர் ஒருவர் இருப்பார். பல ஊர்களிலே அவர் பகுதிநேர ஊழியர். சட்டம் தெரிந்தவரும் கணக்கு வைப்பவரும் அவரே. தமக்குப் பண ஆதாயம் உள்ள காரியம் விவாதத்துக்கு வந்தால் உறுப்பினர் அதை வெளிப்படுத்தி, விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் பங்குபெறாமல் விலகியிருக்க வேண்டும்.

அவர்கள் எவற்றைப் பேசுகிறார்கள்? பள்ளிகளும் பெரிய சாலைகளும் கவுண்டி கவுன்சிலின் பொறுப்பு. குப்பை சேகரிப்பும் கட்டட அனுமதியும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலின் பொறுப்பு. பாரிஷ் மன்றத்துக்கு மீதியாயிருப்பவை சின்னக் காரியங்கள்: விளையாட்டுத் திடல், நடைபாதை, பொது இருக்கை, தெருவிளக்கு, போர் நினைவுச் சின்னம், கல்லறைத் தோட்டம், காய்கறி பயிரிட வாடகைக்கு விடப்படும் சிறு நிலத்துண்டுகள். அலாட்மெண்ட் எனப்படும் இந்த நிலத்துண்டுகள் போதவில்லை என்று ஊர் வாக்காளர்கள் ஆறு பேர் எழுதிக் கேட்டால், மன்றம் அதைக் கவனத்தில் எடுத்தே ஆகவேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் சட்டம் சொல்லுகிறது. ஊரிலே எவராவது புதிய வீடு கட்ட விண்ணப்பித்தால் மன்றம் தன் கருத்தைச் சொல்லலாம். முடிவு மேலே உள்ளவர்களுடையது. இவற்றுக்கான செலவை மன்றம் கணக்கிட்டு, பிரிசெப்ட் என்னும் தொகையாக அறிவிக்கும். டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் அதை வீட்டு வரியோடு சேர்த்து வசூலித்துக் கொடுக்கும்.

கூட்டத்தைப் பார்க்க எவரும் போகலாம். 1960ஆம் ஆண்டில் இந்த உரிமையைச் சட்டமாக்கிய மசோதாவைக் கொண்டுவந்தவர், அப்பொழுது புதிதாகப் பாராளுமன்றத்துக்குள் வந்திருந்த மார்கரெட் தாட்சர் என்பது பலர் அறியாத செய்தி. 2014 முதல் கூட்டத்தைப் பதிவுசெய்யவும் அனுமதி உண்டு. ஆண்டுதோறும் 30 வேலை நாட்கள் கணக்குப் புத்தகங்களை மக்கள் பார்வையிடத் திறந்து வைக்க வேண்டும்.

இவையன்றி, மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையில் ஊர் வாக்காளர் அனைவருக்குமான ஆண்டுக்கூட்டம் ஒன்று உண்டு. அது மன்றத்தின் கூட்டமல்ல, ஊரின் கூட்டம். ஆறு வாக்காளர்கள் சேர்ந்தால் தாங்களே ஒரு ஊர்க்கூட்டத்தைக் கூட்டவும் சட்டம் இடங்கொடுக்கிறது.

ஆலயமும் மன்றமும்

பிரிந்துபோன ஆலயமும் மன்றமும் இன்றும் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்கள் உண்டு. இனி அடக்கத்துக்கு இடமில்லை என்று மூடப்பட்ட ஆலயக் கல்லறைத் தோட்டத்தின் பராமரிப்பை ஏற்கும்படி ஆலயத்தார் பாரிஷ் மன்றத்தைக் கேட்கலாம். ஆலயக் கட்டடத்தின் பழுதுக்கு மன்றம் பணம் கொடுக்கலாமா என்ற சந்தேகம் 1894 முதலே நீடித்துவந்தது. கொடுக்கலாம் என்று 2023ஆம் ஆண்டின் சட்டம் தெளிவாக்கிற்று.

கூட்டத்தின் ஆரம்பத்தில் ஜெபிப்பது பற்றியும் ஒரு வழக்கு எழும்பியது. டெவனிலுள்ள பிடஃபோர்ட் பட்டணத்தின் மன்றம் அப்படி ஜெபிப்பது வழக்கம். பட்டண மன்றமும் பாரிஷ் மன்றமும் சட்டத்தின் பார்வையில் ஒரே படியில் உள்ளவை. நிகழ்ச்சி நிரலின் பகுதியாக ஜெபத்தை வைக்க மன்றத்துக்குச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்று 2012இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் பாராளுமன்றம் அந்த அதிகாரத்தைச் சட்டத்தினாலே கொடுத்தது. ஆகவே இன்று ஜெபிக்க விரும்பும் மன்றம் ஜெபிக்கலாம். ஜெபித்தே தீரவேண்டும் என்ற கட்டளை எந்த மன்றத்துக்கும் இல்லை.

காலி நாற்காலிகள்

எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். 2021 பிப்ரவரியிலே செஷயரிலுள்ள ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் மன்றத்தின் பெயர் உலகமெங்கும் பரவியது. கொரோனா காலத்தில், 2020 டிசம்பரில் கணினித் திரை வழியாக நடந்த கூட்டத்திலே உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் கூச்சலிட்டுக் கொள்ள, கூட்டத்தை நடத்த உதவிய ஜாக்கி வீவர் என்னும் பெண்மணி சிலரைக் கூட்டத்திலிருந்து நீக்கினார். அந்தக் காட்சியைப் பார்த்து லட்சக்கணக்கானோர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் எத்தனை பேர் தங்கள் சொந்த ஊரின் மன்றக் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போயிருப்பார்கள்?

மெய்யான ஆபத்து கூச்சல் அல்ல, காலி நாற்காலியே. அநேக ஊர்களில் இடங்களின் எண்ணிக்கைக்கு மேல் வேட்பாளர்கள் நிற்பதில்லை. நின்றவர்கள் போட்டியின்றியே உறுப்பினராகிறார்கள். நடுவில் ஒரு இடம் காலியானால் அறிவிப்பு ஒட்டுவார்கள். குறிப்பிட்ட நாட்களுக்குள் பத்து வாக்காளர்கள் தேர்தல் வேண்டும் என்று கேட்காவிட்டால், மன்றமே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். கேட்பவர் இல்லாத இடத்தில் நாலு பேரின் விருப்பமே ஊரின் விருப்பமாகிவிடுகிறது. அன்று சொத்து இல்லாதவனை வெளியே நிறுத்தியது சட்டம். இன்று சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அக்கறையின்மையோ ஆட்களை வெளியே நிறுத்துகிறது.

இனி இந்தச் சின்ன மன்றங்களின் பாரம் கூடவே செய்யும். கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் என்னும் இரண்டு அடுக்குகள் உள்ள பகுதிகளில் அவற்றை ஒரே பேரவையாக்கும் திட்டத்தை 2024 டிசம்பரில் அரசாங்கம் வெள்ளை அறிக்கையாக வெளியிட்டது. மேலுள்ள பேரவை பெரிதாகித் தூரமாகப் போகும்போது, ஊரின் அருகே மிஞ்சியிருப்பது பாரிஷ் மன்றமே.

ஊரான் யார்?

பிரியமானவர்களே, இந்தக் கட்டுரையில் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்பியது இதுதான். பாரிஷ் மன்றத்துக்கு நிற்கத் தகுதி என்ன? வயது 18 நிறைந்திருக்க வேண்டும். அந்த ஊரின் வாக்காளராக இருக்கலாம்; அல்லது கடந்த 12 மாதங்களாக அந்த ஊரிலோ, அதிலிருந்து மூன்று மைல் தூரத்துக்குள்ளோ குடியிருந்திருக்கலாம்; அல்லது அங்கே வேலை செய்திருக்கலாம். தாத்தா எந்த ஊர், தகப்பன் பெயர் என்ன, எந்த ஆலயத்துக்குப் போகிறாய் என்ற கேள்விகள் சட்டத்தில் இல்லை.

பிரித்தானிய குடிமக்களுக்கு மாத்திரம் உரியதும் அல்ல. இந்தியா காமன்வெல்த் நாடு. ஆகையால் அங்கே முறையான அனுமதியோடு தங்கியிருக்கும் இந்தியக் குடிமக்கள் இந்தத் தேர்தல்களில் வாக்களிக்கலாம். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்றவர்கள் உறுப்பினராகவும் நிற்கலாம். உங்கள் சபையிலிருந்து செவிலியராகவோ பொறியாளராகவோ அங்கே சென்றிருக்கும் பிள்ளைகளுக்கு எழுதும்போது இதைச் சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ளும்படி சொல்லுங்கள். ஊர்மன்றம் கூடும் மாலையிலே ஒருமுறை போய்ப் பின்வரிசையிலாவது உட்காரும்படி சொல்லுங்கள்.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். இருபது ஆண்டுகள் ஒரு தெருவில் குடியிருந்தும், இது நம்முடைய ஊர் அல்ல என்று சொல்லிக்கொண்டே வாழ்ந்துவிடுகிறோம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் முறுமுறுக்கிறோம். வார்டு உறுப்பினரின் பெயர் கேட்டால் தெரியாது என்கிறோம். காகம் விரட்டிய ஜார்ஜ் எட்வர்ட்ஸ், பிறந்த மண்ணிலேயே அந்நியனைப்போல் வைக்கப்பட்டிருந்தவர். கதவு திறந்தவுடனே உள்ளே சென்று அமர்ந்தார். ஜேன் எஸ்கோம் ஆறு வீடுகளுக்காக ஆண்டுக்கணக்கில் கேட்டார். அவர்கள் இருவரும் பெரிய அதிகாரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. கையில் கிடைத்த சிறிய அதிகாரத்தை எடுத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

நீங்கள் இன்று குடியிருக்கும் தெருவின் விளக்கு எரியாவிட்டால், அதைக் கேட்க வேண்டிய ஊரான் நீங்களே.